செத்த காலேஜும் உயிர் காலேஜும்: சென்னையின் அருங்காட்சியகங்களும் நினைவு இல்லங்களும்



நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சென்னையின் அருங்காட்சியகங்களுக்கும் நினைவு இல்லங்களுக்கும் அழைத்துப் போவதை என் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தேன். அந்த நடையில் கற்றதைத்தான் இன்று இந்தக் கல்லூரி அவையில் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

பாட்டியின் இரண்டு கேள்விகள்

அரக்கோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. காணும் பொங்கலன்று பட்டணம் பார்க்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். விடியற்காலைப் பாசஞ்சரில் ஏறி சென்ட்ரலில் இறங்குவோம். மூர் மார்க்கெட்டைத் தாண்டினால் உயிர் காலேஜ். புலியும் குரங்கும் பார்த்துவிட்டு, மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எழும்பூருக்கு நடப்போம். அங்கே செத்த காலேஜ். பிறகு கடற்கரை. விலங்குக் காட்சிசாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் எங்கள் பக்கத்து மக்கள் வைத்திருந்த பெயர்கள் இவைதாம். ஓரிடத்தில் உயிரோடு இருப்பவை, மற்றோரிடத்தில் உயிர் போனவை. கணக்கு அவ்வளவுதான்.

ஒரு காணும் பொங்கலன்று செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். பாட்டி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். நடராசர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அங்கிருந்த காவலரைப் பார்த்து, "இந்தச் சாமிக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்டாள்.

"திருவாலங்காடும்மா."

"நம்ம பக்கத்துச் சாமியாச்சே! இங்க எப்படி வந்துச்சு?"

முதல் கேள்விக்குப் பதில் சொன்ன காவலர் இரண்டாவது கேள்விக்குக் கையை விரித்துவிட்டார். பாட்டி விடவில்லை. ரயிலில் திரும்பும்போதும் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

அதே திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதினார். 1921-ல் அது பாரிசில் அச்சானது. அந்தத் திருமேனியின் அழகை உலகுக்குச் சொன்ன கட்டுரை அது. என் பாட்டி கேட்டதோ வேறொன்று. எந்த ஊர், எப்படி இங்கே வந்தது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் இடம் உயிர் காலேஜ். பதில் சொல்லாத இடம், அதற்குள் எவ்வளவு செல்வம் குவிந்து கிடந்தாலும், செத்த காலேஜ்தான். இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

பெயர் வந்த வழி

மிருகங்களும் சிலைகளும் இருக்கும் இடத்துக்குக் காலேஜ் என்ற பெயர் எப்படி வந்தது? 1812-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பிக்கப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது. எல்லிஸ் துரை அதன் உயிர்நாடியாக இருந்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை, வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று அவர் 1816-லேயே எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. தாண்டவராய முதலியார் போன்ற தமிழறிஞர்கள் பணியாற்றியதும் அந்தக் கல்லூரியில்தான்.

1851-ல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதற்கு இடம் கொடுத்தது அந்தக் கல்லூரிக் கட்டடம். இடம் மாறிய பிறகும் காலேஜ் என்ற சொல் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது என்பார்கள். முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்ற மருத்துவர். கற்களும் கனிமங்களும் நிரம்பிய கூடத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தால் கூட்டம் வரும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1854-ல் அருங்காட்சியகம் எழும்பூரின் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. வெள்ளையர்களின் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இருந்த அந்தக் கட்டடத்தின் பெயரைத்தான் பாந்தியன் சாலை இன்றும் சுமக்கிறது. அடுத்த ஆண்டே அந்த வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையும் உருவானது. பிறகு அது சென்ட்ரல் அருகே போனது. 1985-ல் வண்டலூருக்குப் போனது.

செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வளாகத்தில், ஒரே மனிதரின் பொறுப்பில் இருந்தவை. பொருளைக் காட்டினால் மட்டும் போதாது, பார்க்க வருபவரின் ஆவலையும் எழுப்ப வேண்டும் என்ற அறிவு அந்த நிறுவனத்தின் பிறப்பிலேயே இருந்தது. அதை நினைவூட்டத்தான் இந்தப் பழைய கதையைச் சொன்னேன்.

கல்லும் செம்பும் நடந்த பாதை

எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களின் முன் நின்றிருக்கிறீர்களா? கிருஷ்ணா நதிக்கரையின் பௌத்த மகாதூபியை அணிசெய்த சுண்ணாம்புக்கற்கள் அவை. 1845-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் அங்கே தோண்டினார். கிடைத்த கற்கள் சென்னைக்கு வந்தன. வந்தவை பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடந்தன. ஒரு பெரும் பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது. அங்கும் அவை கேட்பாரின்றிக் கிடந்தன. 1867-ல் பெர்குசன் என்ற அறிஞர் வண்டிக் கொட்டகையிலிருந்து அவற்றை மீட்டார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னையில் தங்கியவற்றைப் பின்னாளில் சிமென்டு வைத்துச் சுவரில் பதித்தார்கள். காப்பதாக நினைத்துச் செய்த காரியம்தான். ஆனால் கல்லுக்கு அது கேடாக முடிந்தது. 1942-ல் சிவராமமூர்த்தி இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல்தான் அவற்றைப் படிக்க நமக்குக் கண் கொடுத்தது.

ஒரு தூபி, மூன்று இடங்கள். ஊரில் கொஞ்சம், இங்கே கொஞ்சம், கடல் கடந்து கொஞ்சம். இந்தக் கதையைச் சொல்லாமல் கல்லை மட்டும் காட்டினால், பிள்ளை அதை ஒரு அழகான கல்லாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும்.

செப்புத் திருமேனிகளின் கதை வேறு. படையெடுப்புக் காலங்களில் பூசை செய்தவர்களே அவற்றை மண்ணுக்குள் புதைத்துக் காத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் மறைந்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலில் மண் வெட்டும்போதும் அவை வெளியே வந்தன. மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் பல திருமேனிகள் எழும்பூர் வந்து சேர்ந்தன. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இங்கே இருக்கிறார். அதே ஊரில் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்.

மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் பீடத்தைப் பார்க்கச் சொல்வேன். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கும். "இது எதுக்கு சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உற்சவ காலத்தில் தண்டு நுழைத்துக் கட்டித் தோளில் தூக்கி வீதி உலா போவதற்கு. பட்டு உடுத்தி, மாலை சூட்டி, தீவட்டி வெளிச்சத்தில் தெருத்தெருவாகப் போன சாமி இவர் என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறும். கண்ணாடிப் பெட்டி மறைந்து தேரடி தெரியும். அந்த ஒரு வரி விளக்கம் அந்தத் துளையின் பக்கத்தில் தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கேயே இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். 1863 மே 30-ம் நாள் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதக் கை செதுக்கிய பழைய கற்காலக் கருவி அது. இந்திய மண்ணில் மனித வரலாறு எவ்வளவு பழையது என்ற ஆராய்ச்சி அங்கிருந்து வேகம் பிடித்தது. அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை 1904-ல் இந்த அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் பட்டங்களும் இரும்புக் கருவிகளும் இங்கே வந்தன. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர் உலக வரைபடத்தில் இப்படி ஓர் இடம் பிடித்தது தெரியும்?

கோட்டை அருங்காட்சியகத்தையும் மறந்துவிடக் கூடாது. வணிகர்கள் கூடி ஏலம் விட்ட பழைய கட்டடம் 1948-ல் அருங்காட்சியகமானது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏறிய தேசியக்கொடி அங்கே இருக்கிறது. கம்பெனிக்காரர்களின் ஓவியங்களும் நாணயங்களும் நிறைந்த கட்டடத்தில் அந்தக் கொடியின் முன்தான் என் மாணவர்கள் அதிக நேரம் நிற்பார்கள்.

குடியிருந்தவர்களின் வீடுகள்

இனி வீடுகளுக்கு வருவோம். சென்னையில் மக்கள் வந்து பார்க்கும் நினைவு இல்லங்களில் முக்கியமான மூன்றை எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தப் பெரியவருக்குச் சொந்தமான வீடு இல்லை.

மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம் முதலில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பல மாதங்கள் கொண்டுவந்து வைப்பதற்காக டியூடர் கம்பெனி 1840-களில் கட்டிய கிடங்கு அது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் காலம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே விருந்தாளியாகத் தங்கினார். பிறகு இராமகிருஷ்ணானந்தர் அங்கே மடத்தை நடத்தினார். 1906-ல் வீடு கைமாறியது, பிறகு மடமும் வெளியேறியது.

அதற்குப் பின் வந்தவர்களைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைப் பருவத்திலேயே தாலியறுத்த பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தார் சகோதரி சுப்புலட்சுமி. தாமே பால்ய விதவை. 1911-ல் பட்டம் பெற்றவர். அவருடைய பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது இந்த ஐஸ் ஹவுஸில். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட வேண்டியவர்கள் என்று சமூகம் முடிவு கட்டிய சிறுமிகள் அங்கே புத்தகம் படித்தார்கள், ஆசிரியைகளானார்கள். 1963-ல் வீட்டுக்கு விவேகானந்தர் பெயர் சூட்டப்பட்டது. 1997-ல் இராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அழகான கண்காட்சியாக இன்று விளங்குகிறது. ஒன்பது நாள் விருந்தாளியின் பெருமையோடு, பல ஆண்டுகள் அங்கே படித்த அந்தச் சிறுமிகளின் பெருமையும் பார்க்க வருபவர் மனத்தில் பதிய வேண்டும். ஒரு வீட்டின் வரலாறு என்பது அதில் குடியிருந்த எல்லாருடைய வரலாறும்.

திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம். சுதேசமித்திரன் பத்திரிகையில் மீண்டும் வேலை பார்த்த கடைசிக் காலத்தில் அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு. பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியதும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில், இந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அரசு 1993-ல் இதை வாங்கிப் புதுப்பித்தது. அங்கே போகும் மாணவர்களிடம் நான் வீட்டையும் தெருவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். கோயிலையும் கடற்கரையையும் ஒட்டிய அந்தத் தெருவில் நின்றால்தான் அவர் நடந்த உலகம் எவ்வளவு சிறியது, அவர் எண்ணிய உலகம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் இல்லம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், இந்தியாவுக்குப் பிரதமர்களைத் தேர்ந்து கொடுத்தவர், வாடகை வீட்டில் வாழ்ந்து 1975 அக்டோபர் 2-ம் நாள் அங்கேயே மறைந்தார். அந்த வீட்டில் பார்ப்பதற்கு ஆடம்பரம் எதுவும் இல்லை. அந்த இல்லாமைதான் பார்க்க வேண்டிய பொருள். "இவ்வளவுதானா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இவ்வளவுதான் என்றேன். அன்று அவன் கற்ற குடிமைப் பாடத்தை என்னால் வகுப்பறையில் கற்பித்திருக்க முடியாது.

இடிந்த வீடு

விருந்தாளியாகவும் வாடகைக்கும் இருந்தவர்களின் வீடுகள் நின்றுவிட்டன. சொந்தமாக்கிக்கொண்டவரின் வீடு நிற்கவில்லை. அது உ.வே.சா.வின் வீடு.

1903-ல் கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்த உ.வே.சாமிநாதையர், திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெருவில் குடியேறினார். தமக்கு வேலை தேடித் தந்த தியாகராசச் செட்டியாரின் நினைவாக அந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். பரிபாடலும் பெருங்கதையும் 1937-ல் குறுந்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தது அவர் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில். ஏடுகளைப் பிரித்து, பாடம் ஒப்பிட்டு, இரவு பகலாக அவர் உழைத்த கூடம் அது. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர் 1942-ல் அங்கே காலமானார். அவர் சேர்த்த சுவடிகள் பெசன்ட் நகரில் அவர் பெயரிலான நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வீடு 2012-ல் இடிக்கப்பட்டது.

மரபுக் கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 2012-ல்தான். அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தவரின் வீட்டை, ஏட்டில் இருந்த சட்டத்தால் காக்க முடியவில்லை.

யார் மேலும் குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வாரிசுகளுக்கு வீடு என்பது சொத்து. அதை விற்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஊருக்கு அந்த வீடு வேண்டுமென்றால் ஊர் உரிய காலத்தில் உரிய விலையோடு போக வேண்டும். அரசு தன் அதிகாரத்தால் மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலைக்காது. முன்னாள் முதலமைச்சர் ஒருவர் வாழ்ந்த போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவு இல்லமாக்க அரசு கையகப்படுத்தியதை உயர்நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்ததை நாம் பார்த்தோம். வாரிசுகளின் மனமும் சட்டத்தின் துணையும் மக்களின் விருப்பமும் சேர்ந்தால்தான் ஒரு வீடு நிலைக்கும்.

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா வேறொரு வழியைக் காட்டியது. இடிபட இருந்த பழைய வீடுகளைத் தூணும் கதவும் ஓடுமாகப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டினார்கள். செட்டிநாட்டு வீட்டின் வளவில் உட்கார்ந்து பார்க்கலாம். இடம் பெயர்ந்தாலும் அந்த வீடுகள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்பதை மறைக்கவில்லை. பாட்டியின் இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு நாற்பது பிள்ளைகளோடு ஒரு நினைவு இல்லத்தின் முன் நின்றேன். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவின் இடுக்கு வழியாகப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அன்று முதல் நான் சொல்லிவரும் நான்கு வேண்டுகோள்களை இந்த அவையிலும் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பொருளின் கீழும் தமிழில் முதலில் ஊர்ப்பெயரும், அது வந்த ஆண்டும், வந்த வழியும் எழுதப்பட வேண்டும். நூற்றாண்டும் உயரமும் அதற்குப் பிறகு வரட்டும்.

இரண்டாவது, பொருள் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பள்ளியில் அதன் படமும் கதையும் தொங்க வேண்டும். திருவாலங்காட்டுப் பிள்ளைக்கும் பல்லாவரத்துப் பிள்ளைக்கும் எழும்பூரில் தனக்கு ஒரு பங்கு இருப்பது தெரிய வேண்டும்.

மூன்றாவது, நினைவு இல்லங்களும் அருங்காட்சியகங்களும் வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காவலருக்கே கதை சொல்லப் பயிற்சி கொடுக்க வேண்டும். பார்க்க வருபவர் முதலில் கேட்பது அவரிடம்தான்.

நான்காவது, அடுத்து இடியப்போகும் வீடு எது என்ற பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும். எழுத்தாளர், ஆசிரியர், இசைவாணர் வாழ்ந்த வீடுகளை மாணவர்களே தெருத்தெருவாகப் போய்க் குறிக்கலாம். இந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறை அதைத் தொடங்கினால் என்னால் ஆன உடலுழைப்பைத் தர நான் தயார்.

மாணவச் செல்வங்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். ஏதேனும் ஒரு பொருளின் முன் நின்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள்: "இது எந்த ஊரு? இங்க எப்படி வந்துச்சு?" பதில் தெரியாவிட்டால் அடுத்த முறையும் போய்க் கேளுங்கள். கேட்கிறவர் வந்துகொண்டே இருந்தால் பதில் சொல்கிறவரும் உருவாவார்.